ஒரு வேலைக்கு ஒரு கீ: கம்ப்யூட்டரில் ஏற்கனவே உள்ள புரோகிராம்களை நொடியில் திறப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் வீடுகளுக்குச் சென்று அதை அமைத்துத் தருவது என் வேலை. மேல்விஷாரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் தோல் தொழிலோடு ஏதோ ஒரு தொடர்பு உள்ளவை. சிலர் டேனரியில் கணக்கு எழுதுபவர்கள். சிலர் வீட்டிலேயே ஷூ அப்பர் தைத்துத் தருபவர்கள். சிலர் தோல் வாங்கி விற்பவர்கள். இவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுதான்: "கால்குலேட்டர் எங்கே இருக்கு?"

கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை தெரியாவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பலர் இன்டர்நெட்டில் கால்குலேட்டர் டவுன்லோட் என்று தேடுகிறார்கள். வரும் பட்டியலில் ஏதோ ஒன்றைக் கிளிக் செய்கிறார்கள். அதோடு சேர்ந்து வேண்டாத விளம்பர புரோகிராம்களும் கம்ப்யூட்டருக்குள் நுழைகின்றன. பிரவுசரின் முதல் பக்கம் மாறுகிறது, கம்ப்யூட்டர் மெதுவாகிறது. இத்தனைக்கும் அவர் தேடிய கால்குலேட்டர் முதல் நாளிலிருந்தே அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

விண்டோஸ் சிஸ்டத்துடன் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் இந்த புரோகிராம்களை ஒரே ஒரு கீ அழுத்தலிலோ, மவுஸ் பட்டன் ஒன்றை அழுத்தியோ திறப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் காணலாம். இங்கு தரப்படும் வழிகள் விண்டோஸ் 11 சிஸ்டத்தை மனதில் வைத்துத் தரப்படுகின்றன. விண்டோஸ் 10 சிஸ்டத்திலும் பெரும்பாலும் இவையே பொருந்தும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொதுவான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது என்பதை அதைப் பயன்படுத்துபவர்கள் நினைவில் கொள்ளவும்.

டைப் செய்யும் கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளில் அமைய வேண்டும். அவற்றின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஷார்ட்கட் என்பது என்ன?

டெஸ்க்டாப்பில் நீங்கள் பார்க்கும் படங்களில் பல, புரோகிராம்கள் அல்ல. அவை புரோகிராம் இருக்கும் இடத்தைச் சொல்லும் விலாசச் சீட்டுகள். ஐகானின் இடது கீழ் மூலையில் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட் என்று அறிந்து கொள்ளலாம். சீட்டைக் கிழித்துப் போட்டால் வீடு இடிந்துவிடாது அல்லவா? அதுபோல ஷார்ட்கட்டை அழித்தாலும் புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது. எனவே பயப்படாமல் உருவாக்கலாம், பயப்படாமல் அழிக்கலாம்.

இந்தச் சீட்டில் மூன்று செய்திகள் நமக்கு முக்கியம். முதலாவது டார்கெட், அதாவது எதைத் திறக்க வேண்டும் என்பது. இரண்டாவது ஷார்ட்கட் கீ, அதாவது எந்தக் கீயை அழுத்தினால் திறக்க வேண்டும் என்பது. மூன்றாவது ரன், அதாவது திறக்கும்போது விண்டோ சாதாரண அளவிலா, திரை முழுவதுமா, அல்லது சுருங்கிய நிலையிலா என்பது.

முதல் பயிற்சி: கால்குலேட்டருக்கு ஒரு கீ

1. டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் மெனுவில் நியூ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் ஷார்ட்கட் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

2. ஒரு சிறிய விண்டோ திறந்து, எதற்கு ஷார்ட்கட் வேண்டும் என்று கேட்கும். அங்குள்ள கட்டத்தில் சி, ஏ, எல், சி என்ற நான்கு எழுத்துகளை மட்டும் டைப் செய்து நெக்ஸ்ட் பட்டனை அழுத்துங்கள். புரோகிராம் இருக்கும் முழு இடத்தையும் நீங்கள் தர வேண்டியதில்லை. விண்டோஸ் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

3. அடுத்து ஒரு பெயர் கேட்கும். "கணக்கு" என்று தமிழிலேயே கூடத் தரலாம். பின்னர் பினிஷ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் புதிய ஐகான் கிடைக்கும்.

4. அந்த ஐகானை ஒரு முறை கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, ஆல்ட் + என்டர் அழுத்துங்கள். பிராப்பர்டீஸ் விண்டோ திறக்கும். ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் இதுவே கிடைக்கும்.

5. ஷார்ட்கட் என்ற டேபில், ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் நன் என்று இருக்கும். அந்தக் கட்டத்தினுள் கிளிக் செய்து, சி என்ற கீயை மட்டும் அழுத்துங்கள். விண்டோஸ் தானாகவே அதை கண்ட்ரோல் + ஆல்ட் + சி என மாற்றிக்கொள்ளும்.

6. அப்ளை, பின்னர் ஓகே கிளிக் செய்து வெளியேறுங்கள்.

அவ்வளவுதான். இனி நீங்கள் எந்த புரோகிராமில் வேலை செய்துகொண்டிருந்தாலும், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு சி அழுத்தினால் கால்குலேட்டர் திறக்கும். சில கம்ப்யூட்டர்களில் ஓரிரு வினாடி தாமதமாகலாம். உடனே வரவில்லையே என்று மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம்.

முக்கியக் குறிப்பு: இந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும். டெஸ்க்டாப் அழகாக இருக்கட்டும் என்று அதை டாகுமெண்ட்ஸ் போல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டால் கீ வேலை செய்யாது. "நேற்று வரைக்கும் திறந்துச்சு, இன்னைக்கு வரலை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

திறந்தால் போதுமா? கணக்கு சரியாக வர வேண்டாமா?

கால்குலேட்டர் திறந்துவிட்டது. இங்கே நம் ஊர்த் தொழிலுக்குத் தேவையான மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கால் அடிக் கணக்கு. தோலின் பரப்பை அளந்து அதன் மேல் குறிக்கும்போது, முழு சதுர அடியைப் பெரிதாகவும் கால் அடிகளை அதன் தோளில் சிறிதாகவும் எழுதும் வழக்கம் உண்டு. 12 என்று எழுதி மேலே சிறிதாக 3 என்று இருந்தால், அது பன்னிரண்டே முக்கால் சதுர அடி. இதைக் கம்ப்யூட்டரில் 12.75 என்று தர வேண்டும். 12.3 என்று தந்தால் ஒரு தோலுக்கு 0.45 சதுர அடி காணாமல் போகும். நூறு தோலுக்கு 45 சதுர அடி! மேலே 1 இருந்தால் .25, 2 இருந்தால் .5, 3 இருந்தால் .75 என்று மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்தக் கணக்கை முதலில் செய்யும் என்பது. வண்டிக் கூலி 250 ரூபாய், அதோடு 12.75 சதுர அடித் தோல், சதுர அடி 140 ரூபாய் வீதம் என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் 250 + 12.75 x 140 என்று அப்படியே தட்டுகிறீர்கள். கால்குலேட்டர் ஸ்டாண்டர்ட் நிலையில் இருந்தால் விடை 36,785 என்று வரும். சயின்டிபிக் நிலையில் இருந்தால் 2,035 என்று வரும். சரியான விடை 2,035தான். ஸ்டாண்டர்ட் நிலை, நீங்கள் தட்டும் வரிசைப்படியே முதலில் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்குகிறது. சயின்டிபிக் நிலை, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி பெருக்கலை முதலில் செய்கிறது. ஆல்ட் + 2 அழுத்தினால் சயின்டிபிக் நிலைக்கும், ஆல்ட் + 1 அழுத்தினால் ஸ்டாண்டர்ட் நிலைக்கும் மாறிக்கொள்ளலாம். பில் போடுபவர்கள் ஒன்று, சயின்டிபிக் நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பெருக்க வேண்டியதை முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

மூன்றாவது, அளவு மாற்றம். நம் ஊரில் சதுர அடி. வெளிநாட்டு ஆர்டர்களில் சதுர மீட்டர் அல்லது சதுர டெசிமீட்டர். கால்குலேட்டரின் இடது மேல் மூலையில் மூன்று கோடுகள் உள்ள பட்டனைக் கிளிக் செய்தால், கன்வெர்ட்டர் என்ற பிரிவின் கீழ் ஏரியா என்று ஒன்று கிடைக்கும். அதில் மேலே ஸ்கொயர் பீட் என்றும் கீழே ஸ்கொயர் மீட்டர்ஸ் என்றும் தேர்ந்தெடுத்து, 1200 என்று தாருங்கள். 111.48 சதுர மீட்டர் என்று கிடைக்கும். சதுர டெசிமீட்டர் வேண்டுமானால் வரும் விடையை நூறால் பெருக்குங்கள், 11,148 கிடைக்கும். இதற்கென்று தனி புரோகிராம் தேடி அலைய வேண்டியதில்லை.

கட்டளை தெரியாத புரோகிராம்களுக்கு

பெயிண்ட், கிளாக், சவுண்ட் ரெக்கார்டர், ஸ்டிக்கி நோட்ஸ் போன்றவற்றுக்கும் இதேபோல் ஷார்ட்கட் அமைக்கலாம். ஆனால் அவற்றின் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேறு ஒரு வழி உண்டு.

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் அழுத்துங்கள். ரன் என்ற சிறிய கட்டம் கிடைக்கும். அதில் ஷெல் என்ற சொல், பிறகு முக்காற்புள்ளி, பிறகு ஆப்ஸ்போல்டர் என்ற சொல், மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஸ்டார்ட் மெனுவில் உள்ள புரோகிராம்கள் எல்லாம் ஒரே விண்டோவில் வரிசையாகக் காட்டப்படும். வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்து கிரியேட் ஷார்ட்கட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஷார்ட்கட் அமைக்க முடியாது, டெஸ்க்டாப்பில் வைக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். யெஸ் கிளிக் செய்யுங்கள். பின்னர் மேலே சொன்ன 4, 5, 6 ஆகிய படிகளின்படி கீ அமைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் பேசுபவர்கள் கிளாக் புரோகிராமுக்குக் கட்டாயம் ஒரு கீ வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேர்ல்ட் கிளாக் பகுதியில் வேண்டிய நகரங்களைச் சேர்த்துவிட்டால், அங்கே இப்போது மணி என்ன என்று பார்த்துவிட்டு போன் செய்யலாம்.

வேர்ட்பேட் எங்கே என்று தேடுபவர்களுக்கு ஒரு செய்தி: 2024ல் வெளியான விண்டோஸ் 11ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. நோட்பேட் இருக்கிறது.

உங்கள் பைலுக்கே ஒரு கீ

ஷார்ட்கட் கீ புரோகிராமுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். நீங்கள் தினமும் திறக்கும் ஒரு பைலுக்கும் தரலாம்.

அப்பர் தைத்துத் தரும் ஒரு வீட்டில், தினமும் எத்தனை ஜோடி வந்தது, எத்தனை ஜோடி கொடுத்தோம் என்பதைப் பெண்கள் ஒரு நோட்டில் எழுதி வந்தார்கள். அந்த நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைத்தார்கள். ஆனால் பைலைத் தேடித் திறப்பதே பெரிய வேலையாக இருந்ததால், நான்கே நாளில் மீண்டும் காகித நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு நான் செய்து தந்தது இதுதான்.

நோட்பேடில் ஒரு பைலை உருவாக்கி, டாகுமெண்ட்ஸ் போல்டரில் சேவ் செய்தேன். அந்தப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ஷோ மோர் ஆப்ஷன்ஸ், பிறகு சென்ட் டு, அதில் டெஸ்க்டாப் என்பதைத் தேர்ந்தெடுத்து ஷார்ட்கட் அமைத்தேன். அந்த ஷார்ட்கட்டுக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + ஜே என்று கீ தந்தேன். ஜோடி என்பதற்கு ஜே. இப்போது அந்தக் கீயை அழுத்தியதும் நேராக அந்தப் பைல்தான் திறக்கும்.

நோட்பேடில் இன்னொரு வசதியும் உண்டு. எப்5 கீயை அழுத்தினால் அந்த நேரமும் தேதியும் தானாக எழுதப்படும். எனவே கண்ட்ரோல் + ஆல்ட் + ஜே, கடைசி வரிக்குச் செல்ல கண்ட்ரோல் + எண்ட், பின் எப்5, பின் எண்ணிக்கை, முடிவில் சேவ் செய்ய கண்ட்ரோல் + எஸ். கூலிக் கணக்கு பேசும் நாளில், எந்தத் தேதியில் எவ்வளவு தந்தோம் என்பதற்குத் தயங்காமல் பதில் சொல்ல இது உதவும். தமிழில் எழுத வேண்டியவர்கள், விண்டோஸ் செட்டிங்ஸ் பகுதியில் தமிழ் கீபோர்டைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது?

வேலையின் பெயரோடு தொடர்புள்ள எழுத்தாக இருந்தால் மறக்காது. ஆனால் சில எச்சரிக்கைகள் தேவை.

என்டர், எஸ்கேப், டேப், ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், பிரிண்ட் ஸ்கிரீன் ஆகியவற்றை ஷார்ட்கட் கீயாகத் தர முடியாது. கண்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் விண்டோஸுக்கே உரியது. அதைத் தொட வேண்டாம்.

எம்.எஸ். வேர்ட் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும். அதில் கண்ட்ரோல் + ஆல்ட் + சி என்பது காப்பிரைட் குறியை இடும் கட்டளை. கண்ட்ரோல் + ஆல்ட் + டி டிரேட்மார்க் குறியையும், கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர் ரிஜிஸ்டர்ட் குறியையும் இடும். இங்கே டி என்றது டிரேட்மார்க் என்ற சொல்லின் முதல் எழுத்து. கண்ட்ரோல் + ஆல்ட் உடன் 1, 2, 3 ஆகிய எண்கள் தலைப்பு ஸ்டைல்களைத் தரும். நீங்கள் அமைக்கும் கீ இவற்றுடன் மோதினால் உங்கள் கீதான் முந்திக்கொள்ளும். வேர்ட் கட்டளை கிடைக்காது. இந்தக் குறிகள் உங்களுக்குத் தேவைப்படாது என்றால் கவலை இல்லை. தேவைப்படுமானால் வேறு எழுத்தைத் தந்து, வேர்ட் திறந்திருக்கும்போதே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

அம்புக்குறி கீகளையும் தவிர்த்துவிடுங்கள். பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் உள்ள சில கம்ப்யூட்டர்களில் கண்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திரையே தலைகீழாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்புக்குறி அழுத்தினால் பழையபடி நிமிர்ந்துவிடும்.

ஏற்கனவே உள்ளவற்றை மறக்க வேண்டாம்

சில வேலைகளுக்கு விண்டோஸே கீ தந்திருக்கிறது. விண்டோஸ் + ஈ பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கும். விண்டோஸ் + ஐ செட்டிங்ஸ். விண்டோஸ் + ஷிப்ட் + எஸ் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படம் எடுக்கும். பணம் செலுத்திய ரசீதைப் பாதுகாக்க இது நல்ல வழி. விண்டோஸ் + பிளஸ் திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிபயரைத் திறக்கும். விண்டோஸ் + எல் கம்ப்யூட்டரைப் பூட்டும்.

டாஸ்க் பாரில் நீங்கள் பின் செய்து வைத்துள்ள புரோகிராம்களுக்கும் தனியே கீ அமைக்கத் தேவையில்லை. இடமிருந்து வலமாக முதல் ஐகானுக்கு விண்டோஸ் + 1, இரண்டாவதற்கு விண்டோஸ் + 2 என வரிசையாக அமைந்திருக்கும்.

மவுஸ் பட்டனில் என்ன செய்யலாம்?

1964ல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் உருவாக்கிய முதல் மவுஸ் மரத்தால் ஆன பெட்டி. அதில் இருந்தது ஒரே ஒரு பட்டன். இன்றைய மவுஸில் இரண்டு பட்டன்களும், நடுவே உருளும் வீலும் இருக்கின்றன. அந்த வீலை அழுத்தினால் அதுவும் ஒரு பட்டன்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டாஸ்க் பாரில் உள்ள ஐகான் மேல் வீலை அழுத்திப் பாருங்கள். அந்த புரோகிராம் இன்னொரு விண்டோவாகத் திறக்கும். இரண்டு கால்குலேட்டர்களை அருகருகே வைத்துக் கணக்குச் சரிபார்க்க இது வசதி. பிரவுசரில் ஒரு லிங்க் மேல் அழுத்தினால் அது புதிய டேபில் திறக்கும்.

சில மவுஸ்களில் கட்டைவிரல் பக்கம் மேலும் இரண்டு பட்டன்கள் இருக்கும். பிரவுசரில் முன் பக்கம், பின் பக்கம் செல்ல அவை பயன்படும். இவற்றில் ஒன்றைக் கால்குலேட்டருக்கு ஒதுக்கலாமா? ஒதுக்கலாம். ஆனால் விண்டோஸின் மவுஸ் செட்டிங்ஸ் பகுதியில் அதற்கு இடம் இல்லை. இடது, வலது பட்டன்களை மாற்றிக்கொள்ளவும், வீலின் வேகத்தை அமைக்கவும்தான் அங்கே முடியும். எனவே மவுஸ் தயாரித்த நிறுவனம் தரும் புரோகிராமைப் பயன்படுத்த வேண்டும். லாஜிடெக் நிறுவனத்தின் ஆப்ஷன்ஸ் பிளஸ் இப்படிப்பட்ட ஒன்று. உங்கள் மாடலை அது ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனங்களின் மவுஸுக்கும் பொதுவாக, எக்ஸ் மவுஸ் பட்டன் கண்ட்ரோல் என்ற இலவச புரோகிராமும் உண்டு. எதுவானாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே இறக்கிக் கொள்ளுங்கள்.

இவற்றில் செய்ய வேண்டியது எளிது. மவுஸ் பட்டனுக்கு, நீங்கள் ஏற்கனவே அமைத்த கண்ட்ரோல் + ஆல்ட் + சி என்ற கீயைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பட்டனை அழுத்தினால் கீ அழுத்தியதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், கால்குலேட்டர் திறக்கும். அதனால்தான் முதலில் கீ, பிறகு மவுஸ் என்ற வரிசையில் பாடத்தை அமைத்தேன்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தனி புரோகிராம் கூடத் தேவைப்படாமல் போகலாம். செட்டிங்ஸ் பகுதியில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் டச்பேட், அதில் அட்வான்ஸ்ட் ஜெஸ்சர்ஸ் என்று செல்லுங்கள். மூன்று விரல்களால் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் கஸ்டம் ஷார்ட்கட் என்பதைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + ஆல்ட் + சி என்பதைப் பதிவு செய்யுங்கள். இனி டச்பேடில் மூன்று விரல்களால் ஒரு தட்டு, கால்குலேட்டர் தயார். பிரிசிஷன் வகை டச்பேட் உள்ள லேப்டாப்களில்தான் இந்த வசதி கிடைக்கும்.

மூன்று கீகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். இளவயதில் மெஷினில் சிக்கி வலது கையில் மூன்று விரல்களை இழந்தவர். வெளிநாட்டில் உள்ள மகன் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருந்தார். டபுள் கிளிக் செய்ய அவருக்குக் கை நிற்கவில்லை. "எனக்கெதுக்கு தம்பி இதெல்லாம், பேரப்புள்ளைங்க பார்த்துக்கட்டும்" என்றார். "இல்லை பாய், ஒரு கையே போதும். ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

ஷிப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். செட்டிங்ஸ் பகுதியில் ஆக்சசிபிலிடி, கீபோர்டு என்று சென்றும் இதை இயக்கலாம். இது இயங்கும்போது மூன்று கீகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் தட்டி விட்டுவிடலாம், அடுத்து ஆல்ட், அடுத்து சி. ஒரே விரலால், அவசரமில்லாமல். மவுஸ் செட்டிங்ஸ் பகுதியில் வலது பட்டனை முதன்மை பட்டனாக மாற்றி, மவுஸை இடது கைப்பக்கம் வைத்தேன். டபுள் கிளிக் வேகத்தையும் குறைத்தேன். மகனுடன் வீடியோவில் பேசும் புரோகிராமுக்கு ஒரு கீ, செய்தித்தாள் படிக்கும் பக்கத்துக்கு ஒரு கீ, கால்குலேட்டருக்கு ஒரு கீ.

இப்போது மகனை அழைக்கப் பேரன் பள்ளியிலிருந்து வரும் வரை அவர் காத்திருப்பதில்லை. மற்றவர்களுக்கு நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஷார்ட்கட் கீ, இவரைப் போன்றவர்களுக்குக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசலாகவே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கை நடுங்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு முதலில் அமைத்துத் தாருங்கள்.

ஷார்ட்கட் என்ற பெயரில் வரும் ஆபத்து

ஷார்ட்கட் ஒரு விலாசச் சீட்டு என்றேன். யாரோ தவறான விலாசம் எழுதிக் கொடுத்தால்? பிரிண்ட் எடுக்கும் கடைகளில் பென் டிரைவைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இது பலர் கண்ட காட்சிதான். உண்மையான போல்டர்களை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் வைரஸ் தன்னுடைய ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. நீங்கள் டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் இயங்கும். 2010ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஷார்ட்கட் ஐகானை விண்டோஸ் காட்டும் முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பென் டிரைவ் வழியே பரவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டில் வெளியிட்டது.

எனவே பென் டிரைவில் வளைந்த அம்புக்குறியுடன் ஒரு போல்டரைக் கண்டால் திறக்காதீர்கள். அதன் பிராப்பர்டீஸ் சென்று டார்கெட் கட்டத்தைப் பாருங்கள். போல்டரின் பெயருக்குப் பதில் சி, எம், டி என்ற எழுத்துகளோ, டபிள்யூஸ்கிரிப்ட் என்ற சொல்லோ அங்கே இருந்தால் அது நிச்சயம் சந்தேகத்துக்கு உரியது. விண்டோஸ் செக்யூரிட்டி மூலம் பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலும் உங்கள் பைல்கள் மறைந்திருக்குமே தவிர அழிந்திருக்காது. பயந்துபோய் உடனே பார்மட் செய்துவிட வேண்டாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

தமிழக அரசு 2011ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய பழைய லேப்டாப்பில் இன்று லினக்ஸ் போட்டுப் பயன்படுத்துபவர்களும் உண்டு. லினக்ஸில் ஜினோம் டெஸ்க்டாப் இருந்தால் செட்டிங்ஸ், கீபோர்டு, கஸ்டம் ஷார்ட்கட்ஸ் என்று செல்லுங்கள். ஒரு பெயர், புரோகிராமின் கட்டளை, நீங்கள் விரும்பும் கீ ஆகிய மூன்றையும் தந்தால் போதும். டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உங்களுக்கான பயிற்சி

ஒரே நாளில் இருபது கீ அமைக்காதீர்கள். ஒன்று கூட நினைவில் நிற்காது. ஒரு காகிதத்தில், நேற்று நீங்கள் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் திறந்தீர்கள் என்று எழுதுங்கள். அதிகமாகத் திறந்த மூன்றுக்கு மட்டும் கீ அமையுங்கள். அந்தக் காகிதத்தில் கீகளையும் குறித்து மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் காகிதத்தைப் பார்க்காமல் அழுத்த முடிகிறது என்றால் நான்காவதைச் சேருங்கள். பயன்படுத்தாத கீ இருந்தால், பிராப்பர்டீஸ் சென்று அந்தக் கட்டத்தில் பேக்ஸ்பேஸ் தட்டினால் மீண்டும் நன் என்று ஆகிவிடும்.

புதிதாக ஒரு புரோகிராமை இறக்கும் முன், ஸ்டார்ட் பட்டனை அழுத்தி அதன் பெயரில் இரண்டு எழுத்து டைப் செய்து பாருங்கள். நீங்கள் தேடுவது பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.